வெள்ளிக்கு ஏன் காந்தம் இல்லை? சுத்துற வேகம்தான் காரணமா?

கூடல் அம்மா:

என் மக ஒன்பதாவது படிக்கிறா. முந்தாநாள் ராத்திரி நான் கிரைண்டர்ல மாவைத் தள்ளி விட்டுக்கிட்டு இருக்கும்போது நோட்டோட வந்து நின்னா. பூமிக்கு நடுவுல உருகின இரும்பு இருக்கு, பூமி சுத்துது, அதனாலதான் காந்தம் வருதுன்னு ஸ்கூல்ல சொல்லியிருக்காங்க. இவ அதோட விடாம நாலு கிரகத்தையும் வரிசையா எழுதி வச்சிருக்கா:

பூமி, ஒரு சுத்துக்கு 24 மணி நேரம். காந்தம் உண்டு.
செவ்வாய், 24 மணி 37 நிமிஷம். இல்லை.
புதன், 59 நாள். உண்டு.
வெள்ளி, 243 நாள். இல்லை.

"சுத்துறதாலதான்னா செவ்வாய்க்கு இருக்கணும், புதனுக்கு இருக்கக் கூடாதுல்ல?"ன்னு கேக்குறா. நான் படிச்சது பி.காம். வெள்ளியைப் பத்தி எனக்குத் தெரிஞ்சது கிராம் என்ன விலைங்கிறது மட்டும்தான். விவரம் தெரிஞ்சவங்க அவளுக்குப் புரியற மாதிரி சொல்லுங்களேன். இரும்பு எல்லா கிரகத்துலயும் இருக்குதானே?

இரவுக்கடை:

சிம்பிள்ங்க. வெள்ளி ஆமை மாதிரி சுத்துது, அதனால இல்ல. செவ்வாய் சின்னது, உள்ள ஆறி இறுகிப் போச்சு, அதனால இல்ல. புதன் ஒரு விதிவிலக்கு. அவ்ளோதான்.

கூடல் அம்மா:

நன்றி தம்பி. படிச்சுக் காட்டினேன். "நாலுல ஒண்ணு விதிவிலக்குன்னா அது என்ன விதி? செவ்வாயை விடப் புதன் சின்னதாச்சே, அது மட்டும் ஏன் இறுகல?"ன்னு திருப்பிக் கேக்குறா. நான் தூங்கப் போறேன்.

கோவை வைண்டர்:

அம்மணி, அந்த நோட்டைப் பழைய பேப்பருக்குப் போட்டுறாதீங்க. பாப்பா கை வெச்சிருக்கறது சரியான எடம்.

கோயமுத்தூருங்க நானு. 38 வருஷமா மோட்டாருக்கும் ஜெனரேட்டருக்கும் காயில் கட்டறதுதான் பொழப்பு. ஐ.டி.ஐ. படிப்பு. இவனுக்கு எதுக்கு வானத்துப் பேச்சுன்னு நெனைச்சுராதீங்க. பூமிக்குள்ள நடக்கற சங்கதிக்கு விஞ்ஞானிங்களே வெச்ச பேரு டைனமோ. அதை ஒரு புஸ்தகத்துல பார்த்த நாள்ல இருந்து எனக்கு இந்தப் பைத்தியம்.

பூமிக்கு நடுவுல பெரிய காந்தக் கட்டி ஒண்ணு கெடக்குதுன்னு மனசுல படம் இருந்தா மொதல்ல அதை அழிச்சுருங்க. இரும்பு 770 டிகிரிக்கு மேல சூடாச்சுன்னா காந்தமா நிக்காது. பூமியோட கருவுல 4,000, 5,000 டிகிரி. அங்க ஓடறது கரண்டு. அந்தக் கரண்டுதான் காந்தம்.

கொரோனா அடங்கின சமயத்துல ஒரு கல்யாண மண்டபத்துல இருந்து கூப்பிட்டாங்க. ரெண்டு வருஷம் ஓட்டாம பூட்டி வெச்ச ஜெனரேட்டர். இன்ஜின் ஜம்முனு ஓடுது, மீட்டர்ல வோல்டேஜே இல்ல. எனக்கு முன்னாடி வந்து பார்த்தவன் காயில் எரிஞ்சுபோச்சு, மொத்தமா மாத்தோணும்னு சொல்லிப்போட்டுப் போயிருக்கான். மூடியைக் கழட்டிப் பார்த்தா காயில் பளபளன்னு இருக்குது. எரிஞ்ச வாசமே இல்ல. போனது ரெசிடியூல். ஃபீல்டு இரும்புல, அதாவது காந்தம் உண்டாக்கற காயில் சுத்தின இரும்புல, எப்பவும் துளியூண்டு காந்தம் மிச்சம் நிக்கும். இன்ஜின் சுத்தும்போது அந்தத் துளி கொஞ்சம் கரண்டைக் குடுக்கும், அந்தக் கரண்டு ஃபீல்டு காயிலுக்கே போயி காந்தத்தைக் கூட்டும், கூடின காந்தம் இன்னும் கரண்டைக் கூட்டும். அப்படியே கிடுகிடுன்னு ஏறி ஒரு எடத்துல நிக்கும். அந்தத் துளியே இல்லாட்டி ஏற ஆரம்பிக்காது. வோல்டேஜைக் கட்டுப்படுத்தற ஏ.வி.ஆர். ஒயரைக் கழட்டி உட்டுட்டு, 12 வோல்ட் பேட்டரியில இருந்து ரெண்டு ஒயர் எடுத்து எக்ஸைட்டர் ஃபீல்டுல ரெண்டே செகண்டு காட்டினேன். திரும்ப மாட்டி ஓட்டினா மண்டபம் பூரா லைட்டு. "ரெண்டு செகண்டுக்கா 500 ரூபா?"ன்னு மண்டபத்துக்காரர் மொறைச்சாரு. அது வேற பஞ்சாயத்து.

இப்ப கிரகத்துக்கு வாங்க. துளி காந்தம் வேணும், கரண்டு ஓடற பொருள் வேணும், அந்தப் பொருளை அசைக்கறதுக்கு ஒரு இன்ஜின் வேணும். துளிக்குப் பஞ்சமில்ல, சூரியன் பக்கத்துல இருந்தே வந்துரும். பொருளும் இருக்குது. நீங்க கேட்ட மாதிரி நாலு கிரகத்துக்கும் உள்ள இரும்புதான். வெள்ளியோடதும் இன்னும் உருகித்தான் கெடக்கும்னு கணிக்கறாங்க. மிச்சம் இருக்கறது இன்ஜின்.

இங்கதான் பாடம் கொஞ்சம் வழுக்குது. கிரகம் சுத்தறதுதான் இன்ஜின்னு எல்லாரும் நெனைச்சுக்கறோம். கிரகம் சுத்தினா உள்ள இருக்கற இரும்பும் கூடவேதான் சுத்தும்? சுத்தற ரோட்டரும் அசையாம நிக்க வேண்டிய ஸ்டேட்டரும் ஒண்ணாச் சுத்தினா எவன் ஊட்ல லைட்டு எரியும்?

உள்ள இருக்கற இரும்பைப் புரட்டற இன்ஜின், சூடு வெளிய போறது. அடுப்புல இருக்கற சாம்பாரைப் பாருங்க. அடியில சூடு, மேல ஆறுது. அதனால கீழ இருக்கறது மேல வருது, மேல இருக்கறது கீழ போகுது, பருப்பும் காயும் புரண்டுட்டே இருக்குது. அதையே ஹாட் பாக்ஸ்ல ஊத்தி மூடி வெச்சுப் பாருங்க. ஒரு மணி நேரம் கழிச்சுத் தெறந்தாலும் கை சுடும். ஆனா பருப்பு அடியில தங்கிரும், மேல தெளிஞ்சு நிக்கும். சூடு இருக்குது, பொரளல் இல்ல. வெள்ளி ஒரு ஹாட் பாக்ஸ்.

பூமிக்கு அந்த மூடி ஒடைஞ்சு ஒடைஞ்சு கெடக்குது. ஆறிப்போன கடலடிப் பாறை மடங்கி உள்ள எறங்குது. எறங்கினது 2,900 கிலோமீட்டர் ஆழத்துல இரும்புக் கருவுக்கு மேல வரைக்கும் போயிப் படியுது. காஞ்ச தோசைக்கல்லு மேல ஈரத்துணி போட்டாப்புல கருவோட சூட்டை உறிஞ்சுக்குது. வெள்ளியில தரை பூரா ஒரே மூடி, அந்த மாதிரி தட்டு தட்டா உள்ள வாங்கறதில்ல. மேலயே 460 டிகிரி வேற. கருவுக்கு மேல இருக்கற பாறையும் சூடாவே இருந்தா கருவோட சூடு எங்க போகும்?

அப்ப சுத்தறதுக்கு வேலையே இல்லையான்னு பாப்பா கேக்கும். இருக்குது. காயிலைக் கண்டமேனிக்குச் சுத்தினா ஒரு சுத்தோட வேலையை இன்னொரு சுத்து அடிச்சுரும், வரிசையாக் கட்டோணும். பொரள்ற இரும்பை முறுக்கி ஒரு ஒழுங்குக்குக் கொண்டாறது கிரகத்தோட சுழற்சி. ஆனா அதுக்கு வெள்ளியோட வேகமே தாராளம். கணக்குப் போடுங்க. பூமிக் கருவுல இரும்பு நகர்ற வேகம் வருஷத்துக்கு 15, 20 கிலோமீட்டர்தான். நத்தையே முந்திரும். உருகின அடுக்கோட ஆழம் 2,200 கிலோமீட்டருக்கு மேல. அடியில இருந்து உச்சிக்கு வரவே நூறு வருஷம் தாண்டிரும். அந்த நூறு வருஷத்துல வெள்ளி 150 சுத்து சுத்தி முடிச்சுரும். நத்தைக்கு முன்னாடி ஆமையே வேகந்தானுங்களே?

1962 டிசம்பர்ல மரைனர் 2 வெள்ளிக்கு 35,000 கிலோமீட்டர் பக்கத்துல போச்சு. அதுல இருந்த காந்தமானி ஒண்ணும் காட்டல. அதுக்கப்பறம் எத்தனையோ கலம் இன்னும் கிட்டப் போயும் வெள்ளியோட கருவுல இருந்து வர்ற காந்தம்னு ஒண்ணும் சிக்கல.

பாறைப்பித்தன்:

வைண்டர் அண்ணா, ரோட்டர் ஸ்டேட்டர் உதாரணத்தை எங்க வகுப்புல திருடிச் சொல்லப்போறேன். நான் ஜியாலஜி முதுகலை. ஒரு திருத்தம் இல்ல, ஒரு சேர்க்கை.

சூடு போறது மட்டுமில்ல, உறையறதும் ஒரு இன்ஜின். பூமியோட நட்ட நடுவுல 1,220 கிலோமீட்டர் ஆரத்துக்கு இரும்பு திடமா இருக்கு. 1936ல டென்மார்க்கைச் சேர்ந்த இங்கே லேமன் நிலநடுக்க அலைகளை வச்சே அதைக் கண்டுபிடிச்சாங்க. அந்தத் திடக்கரு இன்னும் வளர்ந்துக்கிட்டே இருக்கு. உருகின குழம்புல கந்தகம், ஆக்சிஜன், சிலிக்கான் மாதிரி லேசான சரக்கு கலந்திருக்கு. இரும்பு உறையும்போது அதுல பெரும்பகுதியை வெளிய தள்ளிடும். தள்ளினது லேசானதால மேல எழும்பும், எழும்பும்போது குழம்பைக் கலக்கும். இன்னைக்கு நம்ம டைனமோவை ஓட்டறதுல பெரும்பங்கு இதுக்குத்தான்னு பொதுவா கணக்கிடறாங்க. வெள்ளியில அழுத்தம் கொஞ்சம் குறைவு, உள்ள சூடும் போகல, அதனால உறையவே ஆரம்பிச்சிருக்காதுன்னு ஒரு கருத்து உண்டு.

இப்போ இரவுக்கடை சொன்ன "இறுகிப் போச்சு" விஷயம். அது கிட்டத்தட்ட தலைகீழ். 2018ல செவ்வாய்ல இறங்கின இன்சைட் கலம் அங்க வர்ற நடுக்கங்களைப் பதிவு பண்ணுச்சு. அதுல இருந்து தெரிஞ்சது, செவ்வாயோட கருவுல உருகின இரும்பு இன்னும் ஏராளமா இருக்கு. லேசான சரக்கு அதுல எக்கச்சக்கம், அதனால சீக்கிரம் உறையாது. உருகி இருக்கு, ஆனா புரளல.

தங்கச்சி நோட்டுல செவ்வாய்க்கு நேரா "இல்லை"ன்னு எழுதினதை "இப்போ இல்லை"ன்னு மாத்தச் சொல்லுங்கக்கா. 1997ல போன மார்ஸ் குளோபல் சர்வேயர் சுத்தி வந்து அளந்தப்போ, தென்பாதியில இருக்கற ரொம்பப் பழைய பாறைகள்ல காந்தம் பட்டை பட்டையா உறைஞ்சு கிடந்துச்சு. பாறை ஆறும்போது அந்த நேரத்துல இருக்கற காந்தத்தைத் தனக்குள்ள பிடிச்சு வச்சுக்கும். ஹெல்லஸ்னு 2,300 கிலோமீட்டர் அகலத்துல ஒரு மோதல் பள்ளம் இருக்கு, கிட்டத்தட்ட 400 கோடி வருஷம் பழசு. அங்க பாறை உருகி ஆறியிருக்கு. ஆனா அந்தப் பள்ளத்துல காந்தத் தடயமே கிட்டத்தட்ட இல்ல. அது ஆறின நேரத்துல டைனமோ நின்னு போயிருக்கணும்கறது வழக்கமான வாசிப்பு. இன்னும் கொஞ்சம் பிற்காலத்து எரிமலைக் குழம்புலயும் காந்தம் இருக்குன்னு சிலர் காட்டறாங்க, அதனால எப்போ நின்னுச்சுங்கற சண்டை முடியல. நம்ம மங்கள்யான்ல இருந்த அஞ்சு கருவில காந்தமானி கிடையாது, அதனால அந்தச் சண்டையில நமக்குப் பங்கில்ல.

புதனைப் பத்தி அவ கேட்டதுதான் நல்ல கேள்வி. நாவல்பழம் பார்த்திருப்பா, கொட்டைதான் பெருசு, மேல சதை கொஞ்சம். புதன் அப்படி. 2,440 கிலோமீட்டர் ஆரத்துல 2,000 கிலோமீட்டர் வரைக்கும் இரும்பு. மேல பாறைத் தோல் மெலிசு, சூடு வெளிய போக வழி கிடைக்குது, உள்ள மெதுவா உறைஞ்சுக்கிட்டும் இருக்கு. 1974 மார்ச்சுல மரைனர் 10 அதைக் கடந்தப்போ அங்க காந்தம் இருக்கும்னு யாரும் பெருசா எதிர்பார்க்கல. நம்மளோடதுல நூத்துல ஒரு பங்குதான், ஆனா இருந்துச்சு. 2011ல இருந்து நாலு வருஷம் சுத்தி வந்த மெசஞ்சர் இன்னொரு கூத்தையும் காட்டுச்சு. காந்தத்தோட நடு, கிரகத்தோட நடுவுல இல்ல. வடக்கே 480 கிலோமீட்டர் தள்ளி நிக்குது. அதுக்கு எல்லாரும் ஒத்துக்கிட்ட விளக்கம் இன்னும் இல்ல.

இரவுக்கடை:

சரி சரி, இறுகினதை வாபஸ் வாங்கிக்கறேன். ஆனா காந்தம் போனதாலதான் செவ்வாயோட காத்து போச்சுன்னு எல்லா வீடியோலயும் சொல்றாங்களே. அதுவாவது சரியா?

பாறைப்பித்தன்:

பாதி. அப்படின்னா வெள்ளிக்குக் காத்தே இருக்கக் கூடாதே? காந்தம் துளியும் இல்லாம நம்மளை விட 90 மடங்கு அழுத்தத்துல காத்து வச்சிருக்கு. செவ்வாயோட ஈர்ப்பு நம்மளோடதுல 38 சதவீதம்தான், அதையும் சேர்த்துக்கணும்.

கூடல் அம்மா:

அண்ணே, தம்பி, ரெண்டு பேருக்கும் நன்றி. இன்னைக்கு மதியம் சாம்பார் வச்சு ஹாட் பாக்ஸ்ல ஊத்தி, அவ முன்னாடியே திறந்து காட்டினேன். பருப்பு அடியில தங்கித்தான் இருந்துச்சு. சாப்பிடாம அதையே பார்த்துக்கிட்டு உக்காந்திருந்தா.

இப்ப அடுத்தது. பூமியோட காந்தம் தலைகீழா மாறப் போகுது, உலகம் அழியப் போகுதுன்னு அவ அப்பாவுக்கு வாட்ஸ்அப்ல ஒண்ணு வந்திருக்கு. அது நிசமா? அப்புறம், இதையெல்லாம் யாராச்சும் வீட்டுல இல்ல, லேப்ல செஞ்சு பார்த்திருக்காங்களான்னும் கேக்கச் சொன்னா.

கோவை வைண்டர்:

தலைகீழா மாறினதுங்க நெசம். கடைசியா மாறி 7,80,000 வருஷம் ஆச்சு. அதுக்கு முன்னாடியும் பல தடவை மாறியிருக்குது. 1906லயே பிரான்ஸ்ல புருன்ஹஸ்னு ஒருத்தர் எதிர்ப்பக்கம் பார்த்துட்டு ஒறைஞ்ச எரிமலைப் பாறையைக் கண்டுபுடிச்சுட்டாரு. அத்தனை தடவை மாறியும் உசுருங்க இருந்துட்டுத்தான் இருக்குது, வாட்ஸ்அப்புக்கு அது போதும்.

டைனமோவுக்கு வடக்கு தெக்குல பாகுபாடு கெடையாது. ரெண்டு பக்கமும் ஒரே சந்தோஷமா ஓடும். இது எனக்குப் பட்டுத் தெரிஞ்சது. 87ல நான் கடையில புதுசு. அப்ப பழைய காருக்கெல்லாம் ஆல்டர்னேட்டர் வரல, டி.சி. டைனமோதான். ஒரு காரு டைனமோவை மாஸ்டர் கழட்டி பிரஷ் மாத்திக் குடுத்தாரு, என்னை ஃபீல்டுக்குப் பேட்டரி காட்டச் சொன்னாரு. நான் பிளஸ்ஸையும் மைனஸையும் மாத்திக் காட்டிப்போட்டேன். பெஞ்சுல ஓட்டிப் பார்த்தா அருமையா ஓடுச்சு, ஒரு சத்தம் இல்ல. வண்டியில மாட்டி ஸ்டார்ட் பண்ணி ஆக்ஸிலேட்டரை அமுக்கின ஒடனே கட்-அவுட் (டைனமோவையும் பேட்டரியையும் சேர்க்கற சுவிட்ச்சு) பாயிண்டு ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு பத்திக்கிட்டு குபுகுபுன்னு பொகை. மாஸ்டர் என் பொடனியில ஒண்ணு உட்டாரு, இன்னும் அந்த எடம் ஞாபகம் இருக்குது. டைனமோ மேல ஒரு தப்பும் இல்ல பாருங்க. அது பாட்டுக்குத் தலைகீழா வேலை செஞ்சுச்சு. ஒரே வித்தியாசம், பூமிக்குப் பேட்டரியை மாத்திக் காட்ட ஆள் வேண்டியதில்ல. பொரளல்லயே சமயத்துல காந்தம் எளைச்சு, மறுபடி ஏறும்போது எந்தப் பக்கம் ஏறுதோ அந்தப் பக்கம் நிக்குது. எளைச்சு மறுபடி நிக்கறதுக்கே ஆயிரக்கணக்குல வருஷம் ஆகும்.

லேப்ல செஞ்சாச்சு. எனக்கு இதுல ரொம்பப் புடிச்ச பகுதி இதுதான். இரும்பை உருக்கி ஓட்டறது பெரும்பாடு, அதனால சோடியம் எடுத்துக்கிட்டாங்க. 98 டிகிரியில உருகிரும், கரண்டு நல்லா போகும். தண்ணி ஒரு சொட்டு பட்டா வெடிக்கும், அதை மட்டும் பார்த்துக்கோணும். 1999 கடைசியில லாட்வியாவுல ரீகா நகரத்துலயும், ஜெர்மனியில கார்ல்ஸ்ரூவுலயும் அடுத்தடுத்து ஜெயிச்சுட்டாங்க. ரீகாவுல ஒரு நெட்டைக் குழாய்க்குள்ள மோட்டார் வெச்சு விசிறி சுத்தி சோடியத்தைத் திருகித் திருகி ஓட்டினாங்க. ஒரு வேகத்துக்கு மேல போனதும் காந்தம் தானா ஏற ஆரம்பிச்சுருச்சு. காயில் கெடையாது, காந்தக் கட்டி கெடையாது, திரவம் மட்டும். மண்டபத்து ஜெனரேட்டர் மீட்டர் முள்ளு எந்திரிச்ச மாதிரி அங்கயும் முள்ளு எந்திரிச்சிருக்கும்னு நெனைச்சா எனக்கு இப்பவும் சிலிர்க்குது.

பொறவு பிரான்ஸ்ல கதராஷ்ங்கற எடத்துல எதிரெதிரா சுத்தற ரெண்டு விசிறி வெச்சுச் செஞ்சாங்க. ரெண்டையும் வேற வேற வேகத்துல ஓட்டினப்ப காந்தம் யாரும் தொடாமலே தலைகீழா மாறுச்சு, திரும்ப மாறுச்சு. ஆனா அவங்க விசிறியை இரும்புல செஞ்சிருந்தாங்க. ரீகாக்காரன் அப்படிச் செய்யல. இரும்பு விசிறி கொஞ்சம் கள்ளாட்டம்னு நான் சொல்லுவேன். சொன்னா சண்டைக்கு வருவாங்க.

கூடல் அம்மா:

படிச்சுட்டு, "அப்ப இரும்பே இல்லாட்டியும் காந்தம் வருமா? சோடியத்துக்கே வருதே"ன்னு கேக்குறா. வியாழன், யுரேனஸ்ல எல்லாம் வாயுதானே, அங்க எப்படின்னும் கேக்குறா. அடுத்த மாசம் பரீட்சை வச்சுக்கிட்டு இதெல்லாம் கேட்டா நான் என்ன பண்றது.

பாறைப்பித்தன்:

பரீட்சையை விடுங்கக்கா. இரும்பு வேணும்னு கட்டாயம் இல்ல, கரண்டு கடத்தற திரவம் இருந்தா போதும். வியாழனுக்குள்ள ஹைட்ரஜனைப் பயங்கர அழுத்தம் அமுக்குது. அமுங்கி அமுங்கி அது உலோகம் மாதிரி கரண்டு கடத்த ஆரம்பிச்சிடுது. அதோட காந்தம் நம்மளோடதை விடப் பத்து மடங்குக்கு மேல. கலம் எதுவும் போறதுக்கு முன்னாடியே, 1955ல அமெரிக்காவுல பர்க், ஃபிராங்க்ளின்னு ரெண்டு பேர் அந்தக் காந்தத்தால வியாழன்ல இருந்து வந்த ரேடியோ இரைச்சலைப் பிடிச்சுட்டாங்க. முதல்ல அதைப் பக்கத்துல போற வண்டியோட இக்னிஷன் சத்தம்னு சந்தேகப்பட்டாங்க. வைண்டர் அண்ணாவுக்கு இது பிடிக்கும்.

வியாழனோட நிலா கானிமீட், புதனை விடப் பெருசு. அதுக்கும் சொந்தக் காந்தம் இருக்குன்னு 1996ல கலிலியோ கலம் காட்டுச்சு.

யுரேனஸ், நெப்டியூன்ல வேற சரக்கு. சூட்டுலயும் அழுத்தத்துலயும் தண்ணியும் அம்மோனியாவும் உடைஞ்சு அயனியா திரியுது, உப்புத்தண்ணியில கரண்டு போற மாதிரி போகும். அது நடுவுல இல்லாம வெளிப்பக்க அடுக்குல நடக்கறதாலதான் இப்படி ஆகுதுன்னு நினைக்கறாங்க: யுரேனஸ் சுத்தற அச்சுக்கும் காந்த அச்சுக்கும் நடுவுல 59 டிகிரி சாய்வு, நெப்டியூன்ல 47. நம்ம பூமியில பத்து டிகிரி பக்கம்தான். தங்கச்சி யுரேனஸுக்குக் காம்பஸ் எடுத்துட்டுப் போனா வடக்கைத் தேட வேண்டாம். அங்க காந்தத்தோட நடுவே கிரகத்தோட நடுவுல இருந்து ஆரத்துல மூணுல ஒரு பங்கு தள்ளிக் கிடக்கு, ஒரு பக்கம் இருக்கற காந்தம் இன்னொரு பக்கத்தை விடப் பத்து மடங்கு. யுரேனஸோட இந்த அளவு எல்லாமே 1986 ஜனவரியில வாயேஜர் 2 ஒரே ஒரு தடவை கடந்து போனப்போ எடுத்த அளவு. அதுக்கப்பறம் அங்க எந்தக் கலமும் போகல.